விண்மறவனின் முதல் அட்டை

அருங்காட்சியகத்திலிருந்து தேதி குறித்துக் கடிதம் வந்த அன்று காலை, தவசிக்கனி காப்பறை வாசலிலேயே மயங்கி விழுந்தார்.

கடிதத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்த வெயிலுமுத்து முதலில் அதைக் கவனிக்கவில்லை. "வர்ற வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குக் கைமாற்று உறுதிமொழி. ரெண்டு பேருமே வரணுமாம், தவசி" என்று சொல்லித் திரும்பியபோது, அவர் கதவோடு சரிந்து கிடந்தார். சாவிக்கொத்து மட்டும் கையில் இறுக்கமாக இருந்தது.

மருத்துவமனையில் இரத்த அழுத்தம் என்றார்கள். ஊசி போட்டுத் தூங்க வைத்தார்கள். செவிலிப்பெண் படிவத்தோடு வந்தாள்.

"சார், நோயாளியோட உடனிருப்பாளர் நீங்கதானே?"

அந்தப் பதற்றத்திலும் வெயிலுமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. "இல்லம்மா. அவர்தான் எனக்கு உடனிருப்பாளர். பத்தொன்பது வருசமா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஓ, பொருள் உடனிருப்பாளரா? உங்ககிட்ட முதல் ஏதும் இருக்கா சார்?"

"பதினொண்ணு இருக்கு."

அவள் மரியாதையாக ஓர் அடி பின்வாங்கினாள்.

மரியாதைக்குக் காரணம் இருந்தது. இரட்டி வந்த பிறகு உலகத்தில் முதல் என்று சொல்லிக்கொள்ளக்கூடிய பொருள் மிகவும் குறைந்துபோயிருந்தது. குளிர்பதனப் பெட்டி அளவுள்ள எந்திரம் அது. ஒரு தட்டில் பொருளை வைத்து, மறு தட்டில் எதுவாகவும் மாறக்கூடிய கருப்பொடியைக் கொட்டிக் கதவைச் சாத்தினால், மூன்று நிமிடத்தில் பொருள் இரண்டாகிவிடும். அணுவுக்கு அணு, கீறலுக்குக் கீறல், அழுக்குக்கு அழுக்கு. உயிருள்ளதை மட்டும் அதனால் இரட்டிக்க முடியாது. முன்பு தெருவுக்குத் தெரு நகலெடுக்கும் கடை இருந்ததுபோல இப்போது இரட்டிக் கடை. மூக்குக் கண்ணாடி, மாத்திரை, மோட்டார் உதிரிப்பாகம், ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு என்று சனங்கள் வரிசையில் நிற்பார்கள். தங்கத்தின் விலை தகரத்தோடு வந்து நின்றது. யாருக்கும் எதற்கும் குறைவில்லை.

குறைவு வேறு இடத்தில் வந்தது. அம்மாவின் மூக்குத்தியை இரட்டித்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்ட அக்கா தங்கைகள், 'முதல் யாரிடம் போனது' என்று பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டார்கள். எடை, வயது, வேதிப்பிரிப்பு, எந்தச் சோதனையிலும் முதலும் இரட்டையும் ஒன்றுதான். முத்திரை வைத்தால் முத்திரையும் இரட்டிக்கும். கடைசியில் மனிதனிடமே வந்து நின்றார்கள். ஒரு பொருளோடு கூடவே இருந்து, 'இதற்கு இரட்டை இல்லை' என்று உறுதி சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவர்தான் உடனிருப்பாளர். காப்பறைக்கு இரண்டு சாவி; ஒன்று உரிமையாளரிடம், ஒன்று அவரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். பகல் முழுக்க அவர் உள்ளே பொருளோடு உட்கார்ந்திருப்பார். மாலையில் போகும்போது அவரை யாரும் சோதனை போட மாட்டார்கள். அப்படிச் செய்தால் அந்த ஏற்பாட்டுக்கே அர்த்தம் இல்லை.

வெயிலுமுத்துவிடம் இருந்த பதினொன்றும் அட்டை ஓவியங்கள். தொண்ணூறு வருடங்களுக்கு முன்னால் சிவகாசியில் அச்சான 'விண்மறவன்' என்ற காமிக்ஸுக்காக ஓவியர் சவரிராயன் கையால் வரைந்த மூல அட்டைகள். அந்தக் காமிக்ஸ் அறுபத்து மூன்று இதழ்கள் வந்தது. அச்சுத் தகடு எடுத்து முடிந்ததும் மூல ஓவியங்களை யாரும் மதிக்கவில்லை. எடைக்குப் போட்டார்கள், மழைக்குச் சன்னலில் அடைத்தார்கள். முதல் இதழான 'ஆகாயப் பாலம்' அட்டையை வெயிலுமுத்து கண்டெடுத்தது, இடித்துக்கொண்டிருந்த ஓர் அச்சகத்தில். முருகன் படத்துச் சட்டத்துக்குப் பின்பலகையாக அதை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். மஞ்சள் உடையும் சிவப்புக் கச்சையுமாக விண்மறவன் முறிந்த ரயில் பாலத்தை முதுகில் தாங்கி நிற்கிறான். மேலே ரயில் பாதி தொங்குகிறது. ஒரு சன்னலிலிருந்து கைக்குழந்தைக்காரி ஒருத்தி எட்டிப் பார்க்கிறாள். அவள் முகத்தில் பயம் இல்லை, கோபம் இருக்கிறது. ஏன் கோபம் என்று வெயிலுமுத்து பல கூட்டங்களில் பேசியிருக்கிறார். அச்சு மை கலக்கும் தொழிலில் சம்பாதித்ததில் பாதியை மற்ற பத்தையும் தேடுவதில் விட்டவர் அவர்.

இப்போது அவருக்கு அறுபத்து மூன்று வயது. பிள்ளை இல்லை. பதினொன்றையும் மாவட்ட அச்சுக்கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்கான தேதிதான் அன்று வந்தது.

செவிலிப்பெண் மறுபடியும் வந்து, நோயாளியின் காப்பீட்டு அட்டையும் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையின் பெயரும் வேண்டும் என்றாள். தவசிக்கனி தனி ஆள். மனைவி இறந்து நாளாகிவிட்டது. அவருடைய சட்டைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வெயிலுமுத்து திருத்தங்கல் சாலைக்கு வண்டியை விட்டார். வழியில்தான், இத்தனை வருடத்தில் அந்த வீட்டுக்குள் ஒருமுறைகூடப் போனதில்லை என்பது நினைவுக்கு வந்தது. கேட்டால், "வீடு ஒழுங்கா இருக்காது அண்ணாச்சி" என்பார் தவசி.

வீடு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மாத்திரை அடுக்களை அலமாரியில் கிடைத்தது. காப்பீட்டு அட்டையைத் தேடி உள்ளறைக் கதவைத் தள்ளினார்.

எதிர்ச்சுவரில் விண்மறவன் பாலத்தைத் தாங்கிக்கொண்டிருந்தான்.

அச்சுப்படம் என்றுதான் முதலில் நினைத்தார். 'பாவம், ஆசைப்பட்டு மாட்டியிருக்கான்' என்று மனம் இளகக்கூடச் செய்தது. கிட்டே போனார். பாலத்தின் இரும்புக் கம்பிகளில் போஸ்டர் கலர் தடித்துப் புடைத்திருந்தது. இடது ஓரத்தில் சவரிராயனின் கட்டைவிரல் மஞ்சளில் பதிந்திருந்தது. விண்மறவனின் வலது கையில் வெள்ளை பூசித் திருத்திய இடம், அதன் கீழே பழைய விரலின் நிழல். ஆணியிலிருந்து கழற்றித் திருப்பினார். பின்னால் நீலப் பென்சிலில் அச்சகத்துக்கு எழுதிய குறிப்பு: 'நீலம் குறைக்க. ரயிலை வெட்டாதே.'

படத்துக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி. பிரம்பு தொய்ந்து, உட்காருகிற இடம் குழிந்திருந்தது. பக்கத்தில் முக்காலியில் தேநீர்க் கறை வட்டம் வட்டமாகப் படிந்திருந்தது.

வெயிலுமுத்து அந்த நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்தார். பத்தொன்பது வருடமாகத் தினமும் காலையில் இரண்டு சாவியையும் ஒன்றாகத் திருப்பியிருக்கிறார்கள். தவசியின் மனைவி இறந்தபோது மருத்துவமனையில் முதல் ஆளாகப் போய் நின்றது வெயிலுமுத்துதான். தன் தம்பியிடம் சொல்லாததையெல்லாம் தவசியிடம் சொல்லியிருக்கிறார். மேடைகளில், "என்கிட்ட இருக்கிற பதினொண்ணும் முதல்னு எப்படித் தெரியும்னு கேக்கீங்களா? தவசி இருக்கார்ல!" என்று சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறார்.

கொஞ்ச நேரம் கழித்துப் படத்தை ஒரு வேட்டியில் சுற்றி வண்டியில் வைத்தார். காப்பீட்டு அட்டையைத் தேடி எடுத்து, அதையும் மாத்திரையையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலையில் தவசிக்கனி கண் விழித்தார். வெயிலுமுத்துவின் முகத்தைப் பார்த்தார். சட்டைப்பையைத் தடவினார். சாவி இல்லை.

"வீட்டுக்குப் போயிருந்தேன்" என்றார் வெயிலுமுத்து.

தவசிக்கனி மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்ப செஞ்ச?"

"பதினொரு வருசம் ஆச்சு அண்ணாச்சி. மதுரைக் கண்காட்சிக்கு இந்த ஒண்ணை மட்டும் கொண்டுபோனோம்ல. நீங்க ரயில்ல முன்னால போயிட்டீங்க. நான் வண்டியில பெட்டியோட வந்தேன். கள்ளிக்குடிப் பக்கம் டிரைவர் டீ குடிக்க நிப்பாட்டினான். பக்கத்துல இரட்டிக் கடை. கடைக்காரன் சாப்பிடப் போயிருந்தான்."

"எத்தனை பேருக்குக் குடுத்த?"

"ஐயோ, யாருக்கும் இல்ல. வீட்டுக்குள்ள ஒரு ஆளை விட்டதில்ல நான்."

"பின்ன எதுக்குடா?"

பத்தொன்பது வருடத்தில் அந்த 'டா' அதுவே முதல் தடவை. இருவருக்கும் அது கேட்டது.

"பாக்கத்தான்" என்றார் தவசிக்கனி.

"தினம் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அது முன்னாலதானே உக்காந்திருக்க. போதலையா?"

"அங்க நான் வேலைக்கு உக்காந்திருக்கேன். நீங்க வந்தா எந்திரிச்சுத் தள்ளி நிக்கணும். உங்க விருந்தாளி வந்தா சுவரோரம் போகணும்." தவசிக்கனியின் குரல் மெலிந்திருந்தாலும் நிற்கவில்லை. "வருசத்துக்கு எத்தனை தடவை உள்ள வருவீங்க அண்ணாச்சி? கதவைத் தொறந்துட்டுக் கம்பெனிக்குப் போயிருவீங்க. பொங்கலுக்கு ஒருதடவை, யாராவது பெரிய ஆளு வந்தா ஒருதடவை. அப்பவும் அவுக மூஞ்சியத்தான் பாப்பீங்க. அந்தப் பொம்பளைக்கு ஏன் கோவம்னு கூட்டத்துல பேசுவீங்களே, அது நான் சொன்னது. உங்களுக்கு நெனப்பிருக்கா?"

வெயிலுமுத்துவுக்கு நினைவில்லை. அதுதான் அவரை இன்னும் கொதிக்க வைத்தது.

"அதனால திருடுவியா? இப்ப நான்தான் குத்தவாளியா?"

"இல்ல. நான்தான்."

"அந்தப் பெட்டியில இருக்கிறது எது? அதைச் சொல்லு."

தவசிக்கனி சன்னல் பக்கம் பார்த்தார். "முதல்தான் அண்ணாச்சி. முதலைப் பெட்டியில வச்சுட்டு இரட்டையைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சத்தியமா."

சத்தியம் என்ற சொல்லைக் கேட்டதும் வெயிலுமுத்து எழுந்து வெளியே போய்விட்டார்.

அன்று முழுவதும் அவர் யோசித்தது ஒன்றைத்தான். கைமாற்று உறுதிமொழி பதிவகத்தில் நடக்கும். உடனிருப்பாளர், உரிமையாளர் இருவர் நெற்றியிலும் வாய்மைமானியின் பட்டையை ஒட்டுவார்கள். பொய் சொல்ல மூளை செய்கிற கூடுதல் வேலையை அது கண்டுகொள்ளும். உண்மைக்குப் பச்சை, பொய்க்குச் சிவப்பு. தவசி முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தபோது பச்சை எரிந்தது. அதற்குப் பிறகு கைமாறும்போதுதான் மறுபடியும் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை அவர் வாயைத் திறந்தால் சிவப்பு எரியும். 'ஆகாயப் பாலம்' மட்டும் போகாது. தவசி கூட இருந்த காரணத்தாலேயே பதினொன்றும் இரட்டை என்று பதிவாகும். முப்பது வருடத் தேடல் இரட்டிக் கடையின் குப்பைக்கூடைக்குப் போகும்.

ஆனால் சட்டத்தில் ஓர் இடம் இருந்தது. அது வெயிலுமுத்துவுக்கு நன்றாகத் தெரியும். தெரியாத சேகரிப்பாளர் கிடையாது. முதற்பொருள் சட்டம் வந்தபோது நாட்டிலிருந்த பொருள்களில் பாதி ஏற்கெனவே ஒருமுறையாவது இரட்டிக்குள் போய் வந்திருந்தன. 'இரட்டிக்குள் போனதுண்டா?' என்று கேட்டால் எதுவுமே தேறாது. அதனால் 'இதற்கு இரட்டை இப்போது எங்காவது உண்டா?' என்று மட்டும் கேட்டால் போதும் என்று எழுதிவிட்டார்கள். இரட்டை அழிந்துவிட்டால் மிஞ்சுவது முதல். ஒன்றே ஒன்றுதான் என்றால் அது முதல்தானே என்று அன்றைக்கு எல்லாருக்கும் அது நியாயமாகவே பட்டது.

வியாழக்கிழமை தவசிக்கனியை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெயிலுமுத்து அவரை நேரே தன் வீட்டு மொட்டை மாடிக்கு அழைத்து வந்தார். உச்சி வெயில். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு பெஞ்சின் மேல் இரண்டு படங்களும் அருகருகே இருந்தன. இடப்பக்கம் காப்பறைப் பெட்டியிலிருந்து எடுத்தது, வலப்பக்கம் தவசி வீட்டுச் சுவரிலிருந்து எடுத்தது. அதைக் குறித்து ஒரு சீட்டும் ஒட்டியிருந்தார்.

தவசி வருவதற்கு முன்பே அவர் ஒரு மணி நேரம் அவற்றைப் பார்த்திருந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். 'முதலைத் தொட்டா கைக்குத் தெரியும்' என்று மேடைக்கு மேடை சொன்ன கை அது. வெயிலில் இரண்டு அட்டைகளும் ஒரே சூட்டில் இருந்தன. கைக்கு எதுவும் தெரியவில்லை. முப்பது வருடமாகத் தான் நேசித்தது படத்தையா, அது ஒன்றே ஒன்று என்ற நினைப்பையா என்ற கேள்வி அப்போது வந்தது. அதை அவர் வளரவிடவில்லை.

"அழிக்கிறதை ரெண்டு பேரும் கண்ணால பாக்கணும். அதுக்குத்தான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன்" என்றார். "வேற எதுக்கும் இல்ல."

வலப்பக்கத்துப் படத்தை எடுத்து இரும்புச் சட்டியில் சாய்த்து வைத்தார். தீக்குச்சியைக் கிழித்தார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க" என்றார் தவசிக்கனி.

"என்ன?"

தவசிக்கனி வாயைத் திறந்தார். இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "ஒண்ணுமில்ல. வைங்க."

ஓரத்தில் பிடித்த தீ மெதுவாகத்தான் ஏறியது. பழைய அட்டை முதலில் சுருண்டது. மஞ்சள் கறுத்தது. ரயில் சன்னலில் இருந்த பெண் கடைசிவரை நிமிர்ந்து பார்த்தபடி இருந்தாள். தவசிக்கனி அழ ஆரம்பித்தார். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். வெயிலுமுத்து தீயைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார். இரட்டை எரிந்தால் ஒருவன் இப்படி அழுவானா? பதினொரு வருடம் தினமும் பார்த்தது எரிந்தால் அழத்தானே செய்வான்? முதல் எரிந்தாலும் இப்படித்தானே அழுவான்?

புகை வாடைக்கு வெயிலுமுத்துவின் மனைவி கோமதி மாடிப்படியில் வந்து நின்றாள். "என்னத்த எரிக்கீங்க?"

"ஒரு இரட்டையை."

"அதுக்கு ஏன் அவரு இப்படி அழுறாரு?"

வெயிலுமுத்து சட்டியிலிருந்த சாம்பலைக் குச்சியால் கிளறினார்.

வெள்ளிக்கிழமை பதிவகக் கூடம் நிரம்பியிருந்தது. அன்று கைமாற்றுக்கு வந்திருந்த உரிமையாளர்கள் பதினான்கு பேர், ஒவ்வொருவர் பக்கத்திலும் அவரவர் உடனிருப்பாளர். ஒருவரிடம் பழைய வீணை, ஒருவரிடம் தாத்தா எழுதிய கடிதக்கட்டு. அருங்காட்சியகத்திலிருந்து மாலையோடு வந்திருந்தார்கள். விண்மறவனைப் பார்க்கவே ஒரு கூட்டம் பின்வரிசையில் நின்றது. பதிவாளர் நூர்ஜகானுக்குக் கண்டிப்பானவர் என்று பெயர். அவரே பட்டைகளை ஒட்டினார்.

பத்து அட்டைகளுக்கும் பச்சை. கடைசியாக 'ஆகாயப் பாலம்' மேசைக்கு வந்தது.

"உடனிருப்பாளர் தவசிக்கனி. இந்தப் பொருளுக்கு இரட்டை இப்போது எங்காவது உண்டா?"

"இல்லை."

பச்சை. பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். பதிவாளர் கையமர்த்தினார்.

"உரிமையாளர் வெயிலுமுத்து. நீங்கள் அறிந்தவரை இதற்கு இரட்டை உண்டா?"

"இல்லை."

பச்சை.

"இதைப் பற்றி உடனிருப்பாளரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஏதும் உண்டா?"

சடங்குக்காகக் கேட்கிற கேள்வி அது. எல்லாரும் இல்லை என்பார்கள். வெயிலுமுத்துவும் "இல்லை" என்றார்.

சிவப்பு எரிந்தது.

அருங்காட்சியகத்துக்காரர் மாலையைக் கீழே வைத்தார். வெயிலுமுத்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார், அது வேறு யாருக்கோ எரிந்த மாதிரி.

பதிவாளர் பேனாவை மூடினார். "அண்ணாச்சி, கேள்வி இருக்குன்னு மானி சொல்லுது. கேக்காம நான் பதிய முடியாது. கேட்டுருங்க."

நான்கு நாளாக அவருக்குள் கிடந்த கேள்வி அது. இத்தனை பேர் முன்னால் கேட்டால் மானம் போகும் என்று தெரியும். ஆனால் இந்தப் பட்டை நெற்றியில் இருக்கும்போது தவிர வேறெப்போதும் தவசியின் வாயிலிருந்து வரும் சொல்லை நம்ப முடியாது என்பதும் தெரியும்.

"தவசி" என்றார். "நேத்து நாம எரிச்சது எது? முதலா, இரட்டையா?"

கூட்டத்தில் சலசலப்பு எழுந்து அடங்கியது. தவசிக்கனி எழுந்து நின்றார். நிற்க வேண்டியதில்லை என்று பதிவாளர் சைகை காட்டியும் நின்றார்.

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

பச்சை.

"பெட்டியில இருந்ததுதான் முதல்னு சத்தியம் பண்ணினியே!"

"உங்க மனசு தாங்காதுன்னு சொன்னேன்." அதற்கும் பச்சை. "முதல் வருசம் நல்லாத் தெரியும். முதல் பெட்டியில, இரட்டை வீட்டுல. ஒரு ஞாயித்துக்கிழமை, ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பாக்கணும்னு ஆசை வந்துச்சு. சனிக்கிழமை சாயங்காலம் பெட்டியில இருந்ததைப் பையில போட்டு எடுத்துட்டுப் போனேன். காலையில ரெண்டையும் நாற்காலி மேல சாய்ச்சு வச்சேன். டீ போட எந்திரிச்சுப் போனேன். திரும்பி வந்து பாத்தா..." அவர் நிறுத்தினார். "எந்தப் பக்கம் எதை வச்சேன்னு மறந்துபோச்சு. அம்புட்டுத்தான். அன்னைக்கிப் பூராவும் பாத்தேன். எனக்குக் கண்டுபிடிக்க முடியல. திங்கக்கிழமை ஒண்ணைக் கொண்டாந்து பெட்டியில வச்சேன்."

அவர் சொல்லி முடிக்கும்வரை பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது.

பத்து வருடம். அந்தப் பத்து வருடமும் தினமும் காலையில் காப்பறை வாசலில் நின்று, "வாங்க அண்ணாச்சி" என்று சொன்ன முகம் அது. வெயிலுமுத்துவுக்குத் திருட்டைவிட அந்தத் தேநீர்தான் பொறுக்கவில்லை. எது முதல் என்ற உண்மையை உலகத்திலேயே ஒரே ஓர் ஆளிடம்தான் ஒப்படைத்திருந்தார். அந்த ஆள் தேநீர் போடப் போன நேரத்தில் அது தொலைந்துபோயிருந்தது. இனி எந்த எந்திரத்தாலும், எந்தச் சத்தியத்தாலும் அதை மீட்க முடியாது.

நெற்றிப்பட்டையைத் தானே பிய்த்து மேசையில் போட்டார். "எழுதுங்கம்மா. எல்லாத்தையும் இரட்டைன்னே எழுதுங்க. நான் கிளம்புறேன்."

பதிவாளர் சட்டப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். இரண்டு முறை படித்தார்.

"முடியாதுங்க" என்றார் மெதுவாக.

"எது முடியாது?"

"இரட்டை எங்கேயும் இல்லைன்னு ரெண்டு பேரும் சொல்லிட்டீங்க. பச்சை. சட்டம் அதை மட்டும்தான் கேக்குது. இருக்கிறது ஒண்ணுதான். அப்ப இது முதல்." சற்றுத் தயங்கிவிட்டு முத்திரையை எடுத்து அழுத்தினார். "எனக்கு வேற வழி இல்லை."

படத்தின் பின்பக்கம், 'ரயிலை வெட்டாதே' என்ற நீலப் பென்சில் எழுத்துக்குக் கீழே, ஊதா மையில் 'முதல்' என்று பதிந்தது.

அருங்காட்சியகத்துக்காரர் அவசரமாக மாலையை எடுத்து வெயிலுமுத்துவின் கழுத்தில் போட்டார். சிலர் கை தட்டினார்கள். மற்ற பதின்மூன்று உரிமையாளர்களும் தட்டவில்லை. ஒவ்வொருவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் உடனிருப்பாளரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வீணைக்காரரின் உடனிருப்பாளர், வயதான ஒரு பெண், "என்னை ஏன் அப்படிப் பாக்கீங்க?" என்று கேட்டது கூடம் முழுக்கக் கேட்டது. அடுத்து அழைத்தபோது, சடங்குக் கேள்விக்கு வீணைக்காரர் "இல்லை" என்றார். சிவப்பு எரிந்தது. அவருக்கு அடுத்தவருக்கும் எரிந்தது.

அந்த மாதத்துக்குள் மாநிலத்துப் பதிவகங்கள் எல்லாவற்றிலும் இதே கதை. தன் பொருளைப் பற்றிக் கேள்வி இல்லாத உரிமையாளர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. கேட்டவர்களில் பலருக்கு நல்ல பதிலே கிடைத்தது. பச்சை விளக்கோடு கிடைத்தது. ஆனாலும் முன்பிருந்த மாதிரி சாவியைச் சேர்ந்து திருப்ப அவர்களால் முடியவில்லை. கேட்ட பிறகு உடனிருப்பாளர்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டார்கள். கடைசியில் அந்தச் சடங்குக் கேள்வியைப் படிவத்திலிருந்தே எடுத்துவிட்டது அரசு.

அந்த வெள்ளிக்கிழமை பதிவகப் படிக்கட்டில் தவசிக்கனி காத்து நின்றார். கையில் ஒரு காகிதம் இருந்தது. பொருள் எங்கே போகிறதோ, உடனிருப்பாளரும் அங்கே போக வேண்டும் என்பது விதி. திங்கட்கிழமை முதல் அருங்காட்சியகத்தில் அந்தப் படத்துக்கு முன்னால் உட்காருவதற்கான நியமனக் கடிதம் அது. பதினோரு அட்டைக்கும் பச்சை வாங்கிய ஆள் வேறு யார் இருக்கிறார்கள்?

வெயிலுமுத்து மாலையைக் கழற்றி வண்டியின் பின்னால் போட்டார். தவசிக்கனி இரண்டு படி இறங்கி வந்தார்.

"அண்ணாச்சி, நான் செஞ்சதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன். கேட்டா நீங்க நம்ப மாட்டீங்க. ஒண்ணே ஒண்ணு. மாசத்துக்கு ஒருதடவையாவது அங்க வாங்க. நான் வெளிய போயிருதேன். நீங்க மட்டும் தனியா உக்காந்து பாருங்க."

வெயிலுமுத்து வண்டிக் கதவைத் திறந்தார். உள்ளே உட்கார்ந்தார். கண்ணாடியை இறக்கி, அன்றைக்கு முதல்முறையாகத் தவசியின் கண்ணை நேராகப் பார்த்தார்.

"எதை?" என்று கேட்டார்.

தவசிக்கனி பதில் சொல்வதற்கு முன்பே வண்டி கிளம்பிவிட்டது.